விளக்குக் கம்பம்தான் குழி: கல்லூரி வளாகத்தில் டிஸ்க் கோல்ஃப்

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு காலை. கல்லூரி வளாகத்துக்குள் நடந்து போகிறீர்கள். பாதாளச் சாக்கடை மூடி ஒன்றின் மேல் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் பிளாஸ்டிக் தட்டு. எழுபது மீட்டர் தள்ளி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் விளக்குக் கம்பத்தைக் காட்டி, "அதுதான் மூணாவது ஹோல். மரத்துக்கு இடது பக்கமா போகணும்" என்கிறார். மற்றவர் தலையாட்டுகிறார். தட்டு பறக்கிறது. மரத்துக்கு வலது பக்கமாக.

இந்த விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். விதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குறித்த இடத்தில் நின்று இலக்கை நோக்கித் தட்டை வீச வேண்டும். அது எங்கே விழுந்ததோ அங்கே நடந்துபோய், அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். இலக்கில் படும்வரை இப்படியே. எத்தனை வீச்சு ஆயிற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எல்லா ஹோலும் முடிந்ததும் யாருடைய கணக்கு குறைவோ அவருக்கு வெற்றி. கோல்ஃபில் பந்தும் மட்டையும் என்றால் இங்கே தட்டும் கையும். அங்கே தரையில் குழி, இங்கே சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. கூடை நட்டு வைக்காத வளாகத்தில் கம்பமோ, தூணோ, பெரிய மரமோ கூடையின் வேலையைப் பார்க்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் ‘ஹோல்’ என்றே சொல்கிறோம். குழியே இல்லாத இடத்தில் ஒன்பது குழி ஆடிவிட்டு வருவது இந்த ஒரு விளையாட்டில்தான் நடக்கும்.

தமிழில் இதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றால் நல்ல பெயர்களையெல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘வட்டு எறிதல்’ என்றால் தடகளம். ஆண்கள் அதில் எறியும் வட்டு 2 கிலோ, நம் டிஸ்க் 200 கிராமைத் தாண்டவே கூடாது. ‘பறக்கும் தட்டு’ என்றால் வேற்றுக்கிரகவாசிகள் இறங்கிவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஃபிரட் மோரிசன் என்ற அமெரிக்கர் 1950-களில் விற்ற பிளாஸ்டிக் தட்டின் பெயர் ‘புளூட்டோ பிளாட்டர்’. வானத்தில் மர்மத் தட்டுகளைப் பார்த்ததாக ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பேச்சை வைத்து விற்ற பொம்மை அது. வாம்-ஓ நிறுவனம் அதை வாங்கி 1957-ல் ‘ஃபிரிஸ்பீ’ என்று பெயர் மாற்றியது. ஃபிரிஸ்பி என்ற பேக்கரியின் தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடியதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஆக, பெயரிலிருந்தே இது வளாகத்து விளையாட்டுத்தான்.

இலக்கு வைத்து வீசும் வழக்கமும் கூடையைவிட மூத்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் 1926-லேயே பள்ளிச் சிறுவர்கள் தகர மூடிகளை வைத்து ஒரு ‘மூடி கோல்ஃப்’ ஆடியிருக்கிறார்கள். ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1964 வாக்கில் மாணவர்கள் மரங்களையே இலக்காக்கிப் போட்டி நடத்தினார்கள். முறையான முதல் மைதானம் அதற்குப் பிறகுதான் வருகிறது: 1975, கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்கா. அமைத்தவர் எட் ஹெட்ரிக். அங்கேயும் முதலில் இலக்காக நட்டது வெறும் கம்பங்களைத்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசியதா, படவே இல்லையா என்ற சண்டை ஓயவில்லை. அதற்கு அவர் கண்ட வழிதான் சங்கிலிக் கூடை. தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து, கீழே உள்ள கூடையில் விழுந்து கிடக்கும். வாதாட ஒன்றும் இல்லை. 1977-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முந்தைய ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் எண் உறுப்பினராகவும் ஆகியிருந்தார். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். இப்படியும் ஒரு பற்று.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூடை இல்லாத வளாகத்தில் ஆடும்போது நீங்கள் கூடை வருவதற்கு முந்தைய விளையாட்டை ஆடுகிறீர்கள். கூடை முடித்துவைத்த அந்தப் பழைய சண்டை உங்களிடம் திரும்பி வரும். அதனால் வளாகத்து ஆட்டத்தில் கை பலத்தைவிட முக்கியமானது, வீசுவதற்கு முன்பே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பேச்சு. "எதிலே பட்டா கணக்கு?" என்று முதல் வீச்சுக்கு முன்னால் கேட்டால் விளையாட்டு. பட்ட பிறகு கேட்டால் வழக்கு.

ஹோலை உருவாக்குவது

சில கல்லூரிகளில் நிரந்தரக் கூடைகளோடு மைதானம் இருக்கும். யுடிஸ்க் என்ற செயலியில் தேடினால் தெரிந்துவிடும். உலகம் முழுக்க 15,000-க்கும் மேற்பட்ட மைதானங்கள் அதில் இருக்கின்றன, பெரும்பகுதி அமெரிக்காவில். கூடை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நாமே ஹோல் பிடிக்க வேண்டும். எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் சுவை கூடுதல்.

ஒரு ஹோலுக்குத் தேவை மூன்றே: எங்கிருந்து வீசுவது, எதில் பட வேண்டும், எங்கே போனால் தண்டனை.

வீசும் இடத்துக்கு ‘டீ’ என்று பெயர். குடிக்கும் டீ இல்லை, கோல்ஃபிலிருந்து வந்த சொல். யாரும் தகராறு செய்ய முடியாத அடையாளம் வேண்டும். சாக்கடை மூடி அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். நடைபாதைக் கல்லின் ஓரம், படிக்கட்டின் கடைசிப் படி, புல்வெளி தொடங்கும் மூலை, எல்லாம் சரி. ஈரமான வழுவழுப்பான தரை மட்டும் வேண்டாம். வீசும்போது உடம்பு முழுதும் திரும்பும், கால் வழுக்கினால் முட்டி போகும்.

இலக்கு உறுதியானதாக இருக்க வேண்டும். அடி வாங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது, அதன் பக்கத்தில் இருப்பதற்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இந்த இரண்டாவது பாதியைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். இரும்பு விளக்குக் கம்பம் அருமையான இலக்கு. அதற்குப் பின்னால் மூன்று மீட்டரில் கண்ணாடிக் கதவு இருந்தால் அது இலக்கே இல்லை. ஏனென்றால் கம்பத்தில் படுவதைவிடப் படாமல் போகும் வீச்சுகள்தான் அதிகம். சிலை, அறிவிப்புப் பலகை, இளங்கன்று, நிறுத்தி வைத்த வண்டிகளின் பக்கம் வேண்டாம். பருத்த அடிமரம் தாங்கும், ஆனால் ஒரே மரத்தைத் தினமும் அடித்தால் பட்டை உரியும். அதனால் மரங்களை மாற்றிக்கொள்வோம்.

கம்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. கூடையோடு ஒப்பிட்டால் அது மிக ஒல்லி. ஐந்து மீட்டரில் நின்று வீசினாலும் தவறும். எங்கள் குழுவில் நாங்கள் வைத்த விதி: கம்பத்தில் இடுப்புக்கும் தலைக்கும் நடுவே நேராகப் பட்டால் முடிந்தது; அல்லது தட்டு அடிக்கம்பத்தைத் தொட்டபடி வந்து நின்றாலும் முடிந்தது. சங்கத்தின் விதிநூலிலும் கூடை அல்லாத இலக்குக்கு இடம் இருக்கிறது. குறித்த பகுதியில் தட்டு பட வேண்டும் என்பதுதான் அங்கே அளவுகோல். உங்கள் விதி வேறாக இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பத்துக்கு ஒரு சலுகையும் உண்டு: பட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். சத்தத்தோடு யாரும் வாதாடுவதில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்கு 40 முதல் 80 மீட்டர் போதும். எல்லா ஹோலுக்கும் ‘பார் 3’ என்று வைத்துவிடுங்கள். அதாவது மூன்று வீச்சில் முடிப்பது கணக்குக்குச் சரி. இரண்டில் முடித்தால் ‘பேர்டி’, நான்கில் ‘போகி’. முதல் வீச்சே இலக்கில் பட்டால் ‘ஏஸ்’. அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

நேர்கோட்டில் மட்டும் ஹோல் வைத்தால் சலித்துவிடும். கட்டடத்தின் மூலையைச் சுற்றிப் போகும்படி ஒன்று, இரண்டு மரங்களின் இடைவெளி வழியாக ஒன்று, சரிவில் இறங்கும்படி ஒன்று என்று கலந்து வையுங்கள். ‘இந்த மரத்துக்கு இடது பக்கமாகத்தான் போக வேண்டும்’ என்ற கட்டாயத்துக்கு ‘மாண்டோ’ என்று பெயர். முதலில் சொன்ன அந்த இரண்டு பேரின் மூன்றாவது ஹோலில் இருந்தது அதுதான். வளாகத்தில் மாண்டோ வெறும் சவாலுக்காக வைப்பதில்லை. வலது பக்கம் நடைபாதை இருந்தால் தட்டை இடது பக்கம் தள்ளிவிட அது நல்ல வழி.

மூன்றாவது, எல்லை. சாலை, கட்டடத்தின் கூரை, குளம், வேலிக்கு அந்தப் பக்கம் என இவையெல்லாம் எல்லைக்கு வெளியே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆட்டக்காரர்கள் ‘ஓ.பி.’ என்பார்கள். தட்டு அங்கே போய் விழுந்தால் கணக்கில் ஒன்று கூடும். தட்டு எல்லையைத் தாண்டிய இடத்துக்குப் பக்கத்திலிருந்து அடுத்த வீச்சு.

ஒரு ஹோல் ஆடிப் பார்ப்போம்

அதே எழுபது மீட்டர் ஹோல். டீயில் நின்று வீசுகிறீர்கள். தட்டு ஐம்பது மீட்டர் போய்ப் புல்லில் விழுகிறது. நண்பருடையது நாற்பதில். இலக்குக்கு யார் தூரமோ அவர்தான் முதலில் வீசுவார், ஆகவே நண்பர். அவர் வீசும்வரை நீங்கள் அவருக்கு முன்னால் போகக் கூடாது. இது மரியாதை மட்டுமில்லை, மண்டைக்கும் நல்லது.

உங்கள் முறை. தட்டு விழுந்த இடத்தை அடையாளம் வைக்க, இலக்கின் பக்கமாக அதை ஒட்டி ஒரு சின்னத் தட்டையோ நாணயத்தையோ வைத்துவிட்டு எடுக்கலாம். அல்லது அந்தத் தட்டையே அங்கே விட்டுவிட்டு இன்னொன்றை வீசலாம். ஒரு கால் அடையாளத்துக்கு நேர் பின்னால் ஊன்றியிருக்க வேண்டும். விதிநூல் இதற்கு 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள செவ்வகம் வரைகிறது. நண்பர்களுக்குள் ‘கால் பின்னால் இருக்கணும்’ என்பதே போதும்.

வீசுகிறீர்கள். கம்பத்தைத் தாண்டி ஆறு மீட்டரில் போய் நிற்கிறது. இனி ‘பட்’: மெதுவாக, குறி பார்த்துப் போடும் கடைசி வீச்சு. பத்து மீட்டருக்குள் இருக்கும்போது ஒரு கூடுதல் விதி. தட்டு கையை விட்ட பிறகு, முன்னால் காலெடுத்து வைப்பதற்கு முன், நிலைகுலையாமல் நிற்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் இலக்கின்மேல் பாய்ந்துகொண்டே வீசுவார்கள். வீசுகிறீர்கள். ‘டங்’. மூன்று. பார்.

தட்டு மரத்தில் மாட்டிக்கொண்டால்? அதற்கு நேர் கீழே தரையில் அடையாளம் வைத்து அங்கிருந்து வீசலாம். புதரில் காணாமல் போனால் மூன்று நிமிடம் தேடலாம்; அதற்குப் பிறகு தொலைந்ததாகக் கணக்கு, கூடவே ஒரு தண்டனை வீச்சு. நண்பர்களுக்குள் ஆடும்போது மூன்று நிமிடத்தை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. தொலைந்தது யாருடைய தட்டு என்பதைப் பொறுத்து நிமிடம் நீளும்.

தட்டு ஏன் இடது பக்கம் போகிறது

புதிதாக வருபவர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டேன். முதல் டிஸ்க் வாங்கப் போனபோது, இருப்பதிலேயே ‘வேகம்’ அதிகம் என்று எழுதியிருந்ததை எடுத்து வந்தேன். எத்தனை பலமாக வீசினாலும் இருபது மீட்டரில் தலைதூக்கி, இடது பக்கம் சரிந்து, செடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கை கோணல் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். சீனியர் அக்கா ஒருவர் அந்தத் தட்டை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தன்னுடைய பட்டரைக் கொடுத்தார், அதாவது ‘பட்’ போட வைத்திருக்கும் மெதுவான தட்டை. "ஒரு மாசம் இதை மட்டும் வச்சு ஆடு. அப்புறம் பாக்கலாம்." அன்றைக்கே என் வீச்சு பத்து மீட்டர் நீண்டது.

காரணம் பம்பரத்தில் இருக்கிறது. சுற்றாத பம்பரத்தை நிறுத்தினால் பொத்தென்று விழும். சுற்றும் பம்பரம் அப்படி விழாது. சாய்ந்தபடியே தலையைச் சுழற்றும். கீழே தள்ளும் விசை அதைக் கீழே தள்ளாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. சுழலும் எந்தப் பொருளும் இப்படித்தான்: நீங்கள் தள்ளும் திசையில் போகாது, அதற்குச் செங்குத்தான திசையில் பதில் சொல்லும்.

டிஸ்க்கும் ஒரு படுத்த பம்பரம். வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்துப் புறங்கையால் வீசும்போது, மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய, காற்று அதைத் தூக்கும் விசை நடுவில் விழாமல் கொஞ்சம் முன்பக்கமாக விழும். மூக்கை, அதாவது முன் ஓரத்தை, தூக்கப் பார்க்கும். சுழலும் தட்டு மூக்கைத் தூக்குவதற்குப் பதிலாகச் செங்குத்தாகப் பதில் சொல்கிறது: இடது ஓரம் தாழ்கிறது. தாழ்ந்த பக்கம் சரிந்து போகிறது. அதனால் வேகம் ஓய்கிற எந்த டிஸ்க்கும், வலது கைக்காரரின் புறங்கை வீச்சில், கடைசியில் இடது பக்கம்தான் இறங்கும். இதற்கு ‘ஃபேட்’ என்று பெயர். இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். உள்ளங்கை முன்னால் தெரியும்படி பக்கவாட்டில் வீசும் ‘ஃபோர்ஹேண்ட்’ வீச்சுக்கும் தலைகீழ். ஒரே ஆளுக்கு இரண்டு வீச்சும் தெரிந்தால் கட்டடத்தின் எந்த மூலையையும் சுற்றலாம்.

தட்டு மிக வேகமாகப் போகும்போது நடப்பது எதிர்மறை. தூக்கும் விசை நடுவுக்குப் பின்னால் விழும், தட்டு வலது பக்கம் சாயும். இது ‘டர்ன்’. எந்த வேகத்தில் டர்ன் முடிந்து ஃபேட் தொடங்கும் என்பதை ஓரத்தின் வடிவம் தீர்மானிக்கிறது. 1983-ல் டேவ் டுனிபேஸ் ஓரத்தைச் சரிவாகச் சீவிய ‘ஈகிள்’ என்ற டிஸ்க்கை வடிவமைத்தார். தடித்த ஓரமுள்ள பழைய தட்டுகளிலிருந்து இந்த விளையாட்டு பிரிந்தது அங்கேதான். இப்போது கிடைக்கும், தூரம் வீசுவதற்கான ‘டிரைவர்’ தட்டுகளின் ஓரம் அகலமாகவும் கூராகவும் இருக்கும். அவை பறக்க வேண்டுமானால் அவற்றுக்குரிய வேகம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தட்டுக்குத் தெரிந்தது ஃபேட் மட்டும்தான். என் கை கோணல் இல்லை. என் கைக்கு அந்தத் தட்டு பெரிய இடம்.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும். இன்னோவா நிறுவனம் பழக்கிவிட்ட முறை. முதல் எண் வேகம், அந்தத் தட்டு கேட்கும் வேகம். நம்மிடம் இருக்கும் வேகம் இல்லை. இரண்டாவது மிதப்பு, எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்பது. மூன்றாவது டர்ன், பெரும்பாலும் பூஜ்யம் அல்லது கழித்தல் குறியோடு இருக்கும், கழித்தல் கூடக்கூட வலது பக்கம் சாய்வு கூடும். நான்காவது ஃபேட். கடையில் 2, 3, 0, 1 என்று ஒன்றும் 12, 5, -1, 3 என்று ஒன்றும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுங்கள். அது பட்டர் வகை. வேகம் 4, 5 என்று இருப்பவை மிட்ரேஞ்ச். ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச் இருந்தால் எந்த வளாகத்தையும் ஆடி முடிக்கலாம். டிரைவர் வளாகத்துக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது புதியவர் கையில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஓரமும் கூர்.

வீட்டில் கிடக்கும் பழைய ஃபிரிஸ்பீயே போதாதா என்பீர்கள். ஆடலாம், முதல் நாளுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு அணிகள் தட்டைக் கைமாற்றி ஆடும் ‘அல்டிமேட்’ விளையாட்டின் தட்டு 175 கிராம், குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். டிஸ்க் கோல்ஃப் தட்டு 21 சென்டிமீட்டர் அளவில் இருந்தும் ஏறக்குறைய அதே எடை வரை வரும். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு 8.3 கிராம் என்பதுதான் விதி அனுமதிக்கும் உச்சம். அதே எடையைச் சின்ன வட்டத்தில் அடைத்திருப்பதால் காற்றை வெட்டிக்கொண்டு போகும். அகலமான தட்டு பிடிக்க வசதி, இது வீச வசதி. வாங்கும்போது 150, 160 கிராம் போல இலேசானதாகப் பாருங்கள்.

வீசும் முறையைப் பற்றி எழுத்தில் ரொம்பச் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: மூக்கு. தட்டின் முன் ஓரம் பின் ஓரத்தைவிட உயர்ந்திருந்தால் அது காற்றில் மாடி ஏறும், நின்றுவிடும், இடது பக்கம் விழும். புதியவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள், மேல்நோக்கி வீசினால் தூரம் போகும் என்ற நினைப்பில். மேசைமேல் தேநீர் கோப்பையைச் சிந்தாமல் நகர்த்துவதுபோல் தட்டை மட்டமாக, மார்பு உயரத்தில் இழுத்துக்கொண்டு வாருங்கள். பலம் கடைசி நொடியில் மணிக்கட்டில் வரட்டும். ஓடி வந்து வீசத் தேவையில்லை. 2016-ல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் என்ற அமெரிக்கர் நெவாடா பாலைவனத்தில், பலத்த காற்றின் துணையோடு, 338 மீட்டர் வீசினார். நமக்கு வேண்டியது ஐம்பது மீட்டர், அதுவும் நேராக.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்க்காற்றில் தட்டு தன் வேகம் கூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். டர்ன் கூடும், வலது பக்கம் கவிழும். பின்காற்றில் வேகம் குறைந்ததாக நினைக்கும். சீக்கிரமே தரையிறங்கி இடது பக்கம் சரியும். திறந்தவெளியில் இது எளிது. வளாகத்தில் கட்டடங்களுக்கு நடுவே காற்று குறுகி வேகமெடுக்கும், மூலையில் சுழலும். டீயில் காற்றே இருக்காது, முப்பது மீட்டரில் இரண்டு கட்டடங்களின் இடைவெளி வந்ததும் தட்டை யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருக்கும். புல்லைக் கிள்ளித் தூவிப் பார்ப்பது இங்கே உதவாது. தூரத்து மரக்கிளையைப் பாருங்கள்.

நடந்து போகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை

முறையான மைதானத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஆட வந்தவர்கள். வளாகத்தில் ஆட வந்தது நீங்கள் மட்டும். மற்றவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள், காதில் பாட்டு கேட்டுக்கொண்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு. அறுபது மீட்டர் போகும் ஒரு சாதாரண வீச்சு கையை விடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி இருக்கும். அந்த வேகத்தில் கெட்டியான பிளாஸ்டிக் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எனவே ஒரே விதி: தட்டு போகக்கூடிய இடத்தில் ஆள் இருந்தால் வீசக் கூடாது. ‘போகப்போகிற இடம்’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே போகும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை. மூலைக்குப் பின்னால் இலக்கு இருந்தால் ஒருவர் முன்னால் போய் நின்று, வழி காலியானதும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தப்பித் தவறித் தட்டு யாரை நோக்கியாவது போனால் ‘ஃபோர்!’ என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். அந்தச் சொல் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம். அதனால் நாங்கள் ‘தலை! தலை!’ என்று கத்துவோம், அது எல்லோருக்கும் புரிகிறது. வகுப்பு மாறும் பத்து நிமிடம் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். விடுமுறை நாளின் காலை, மாலையில் வகுப்புகள் முடிந்து வெளிச்சம் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம், இவை நல்ல நேரங்கள். நூலகத்தைச் சுற்றியும் விடுதியைச் சுற்றியும் கம்ப இலக்கு வைக்காதீர்கள்; அந்த ‘டங்’ நமக்கு இனிமை, படிப்பவருக்கும் தூங்குபவருக்கும் இல்லை.

நிர்வாகத்திடமோ காவலரிடமோ முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எந்தப் பாதையில், எந்த நேரத்தில் என்று காட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ‘இங்கே வேண்டாம்’ என்று ஒரு இடத்தைச் சொன்னால் அந்த ஹோலை விட்டுவிடுங்கள். வளாகத்தில் கம்பத்துக்கா பஞ்சம்.

திறமை ஏற்றத்தாழ்வாக இருக்கும் குழுவுக்கு ஒரு நல்ல முறை உண்டு. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஜோடியில் இருவரும் வீசுங்கள். எது நன்றாக விழுந்ததோ அங்கிருந்தே இருவரும் அடுத்ததை வீசலாம். புதியவரின் பத்து வீச்சு வீணாய்ப் போனாலும், பதினொன்றாவது ‘பட்’ கம்பத்தில் பட்டு ஜோடியைக் காப்பாற்றினால் அவர் மறுநாளும் வருவார்.

கடைசியாக ஒரு வேலை. இன்றைக்கே டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் அழியாத பேனாவால் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். என் முதல் பட்டர், அந்தச் சீனியர் அக்கா கொடுத்ததுதான், ஏழாவது ஹோலில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கூரையில் போய் உட்கார்ந்தது. ஓ.பி., ஒரு தண்டனை வீச்சு, ஆட்டம் தொடர்ந்தது. ஐந்து மாதம் கழித்து, தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஏறிய பராமரிப்பு ஊழியர் கூப்பிட்டார். போனேன். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். எண் எழுதியிருந்தது என்னுடையதில் மட்டும்தான். "மீதி மூணும் யாரோடது தம்பி?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதில் ஒன்று 12, 5, -1, 3.